நீலிக்கும் ஒரு முன்கதை உண்டு

பருத்திப்பட்டில் நான் பாடம் நடத்தும் வகுப்பில் 'ஏலியன்' படங்களின் ரசிகைகள் நான்கைந்து பேர் இருக்கிறார்கள். அவர்களில் ஒருத்தியுடைய லாங் சைஸ் நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு காலக்கோடு இருக்கிறது. 2093, 2104, 2120, 2122 என்று எதிர்காலத்து ஆண்டுகள். அவற்றுக்குக் கீழே கப்பல்களின் பெயர்கள், செத்தவர்கள், பிழைத்தவர்கள், அம்புக்குறிகள், கேள்விக்குறிகள். 2025 ஆகஸ்டில் 'ஏலியன்: எர்த்' தொடர் வருவதற்கு முன்பே அந்தப் பக்கம் நிரம்பத் தொடங்கியிருந்தது. எட்டுப் பகுதிகள் வந்து முடிந்து, அடுத்த பருவமும் வரும் என்று அறிவித்த பிறகு, காலக்கோடு பின்னட்டை வரை நீண்டுவிட்டது. அவர்கள் அதைத் 'தியரி' என்கிறார்கள். இனி என்ன நடக்கும், ஏற்கெனவே நடந்தது ஏன் நடந்தது என்று ஊகிப்பதுதான் தியரி.

இந்த ஆர்வத்தை நேரத்தை வீணாக்குவது என்று நான் நினைக்கவில்லை. ஒரு காட்சியின் மூலையில் கிடக்கும் பொருளைக்கூட விடாமல் கவனிக்கிற படிப்பு அது. ஆனால் அவர்களில் ஒருத்தி கேட்ட கேள்வி என்னை விடவில்லை. "மேம், ரிப்ளி கப்பல் ஏறுறதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடி நடக்கிற கதைதானே இது? கடைசில யாரு பொழைப்பான்னு நமக்கு முன்னாடியே தெரியும். அப்புறமும் எதுக்கு மேம் இப்படிக் காத்துக் கெடக்கறோம்?"

படங்களைப் பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ரிட்லி ஸ்காட் இயக்கிய 'ஏலியன்' 1979இல் வந்தது. கதை நடப்பது 2122இல். நொஸ்ட்ரோமோ என்னும் சரக்குக் கப்பலில் ஏழு பேர். வழியில் வந்த ஒரு சமிக்ஞையைத் தொடர்ந்து அறியாத இடமொன்றில் இறங்குகிறார்கள். அங்கே கேன் என்பவனின் முகத்தில் ஓர் உயிரி கவ்விக்கொள்கிறது. தொற்றுத் தடுப்பு விதிப்படி அவனை உள்ளே விடக் கூடாது என்று ரிப்ளி மறுக்கிறாள். அவள் சொல்லைப் பொருட்படுத்தாமல் ஆஷ் கதவைத் திறக்கிறான். பிறகு கேனின் மார்பைப் பிளந்துகொண்டு அந்த உயிரி பிறக்கிறது. ஒவ்வொருவராகச் சாகிறார்கள். ஆஷ் மனிதனே அல்ல, நிறுவனம் அனுப்பிய இயந்திரம் என்பதும், உயிரியைக் கொண்டுவந்தால் போதும், ஆட்கள் போனாலும் பரவாயில்லை என்று நிறுவனம் இரகசிய ஆணை இட்டிருந்தது என்பதும் பாதிக் கதைக்குப் பிறகே தெரிகிறது. கடைசியில் ரிப்ளி ஒருத்திதான் மிஞ்சுகிறாள். இதன் முன்கதைகளாக 2012இல் 'ப்ரோமிதியஸ்', 2017இல் 'ஏலியன்: கவனன்ட்', 2025இல் இந்தத் தொடர் என்று மூன்று வந்திருக்கின்றன.

முடிவு தெரிந்த கதையில் 'என்ன ஆகும்' என்ற கேள்விக்கு வேலை குறைவு. மிஞ்சுவது 'ஏன் இப்படி ஆனது' என்பதுதான். ஆகவே முன்கதை என்பது காரணத்தைச் சொல்லும் கதை. காரணத்தைச் சொல்லும்போதே பழியை யார்மீது வைப்பது என்பதையும் அது சொல்லிவிடுகிறது. என் மாணவியின் கேள்விக்கு நான் தேடிய பதில் இந்த இடத்தில்தான் இருக்கிறது. ஒரு தீங்கின் கதையை எந்தக் கணத்திலிருந்து தொடங்குவது? அந்தக் கணத்தைக் கொஞ்சம் முன்னே பின்னே நகர்த்தினால் குற்றவாளி மாறிவிடுகிறார். தொடக்கம் இயற்கையில் கிடைப்பதில்லை. யாரோ ஒருவர் அதை ஓரிடத்தில் நட்டு வைக்கிறார்.

நமக்கு நன்றாகத் தெரிந்த ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். 2015 ஜூலையிலிருந்து 2017 ஏப்ரல் வரை, 20 மாதங்களுக்கும் மேலாக இந்தியா முழுவதும் ஒரே தியரிதான் ஓடியது: கட்டப்பா ஏன் பாகுபலியைக் கொன்றார்? டீக்கடையிலும் பேருந்திலும் அந்தக் கேள்வியைக் கேட்காதவர்கள் இல்லை. அதே முதல் பாகத்தில்தான் அரண்மனை முற்றத்தில் 25 ஆண்டுகளாகச் சங்கிலியில் கட்டுண்டு, எதிரியின் சிதைக்குச் சுள்ளி பொறுக்கிக்கொண்டிருந்தாள் தேவசேனா. அவள் ஏன் அங்கே இருக்கிறாள் என்பது நம் வாய்களில் அந்த அளவுக்குப் புழங்கவில்லை. இரண்டாம் பாகம் வந்தபோது பதில் அவளிடம்தான் இருந்தது. கோயிலுக்கு வந்த பெண்களைச் சோதனை என்ற பெயரில் தொட்ட சேனாதிபதியின் விரல்களை அவள் வெட்டுகிறாள். அவளைச் சங்கிலியிட்டு அரசவையில் நிறுத்துகிறார்கள். அவையின் பார்வையில் கதை தொடங்குவது, அவள் விரலை வெட்டிய கணத்தில். அந்தக் கை எங்கே இருந்தது என்பதற்கு அந்தக் கணக்கில் இடமில்லை. அவளிடம் என்ன நடந்தது என்று கேட்டு, கதையை ஓரடி பின்னால் நகர்த்துகிறவன் பாகுபலி. அந்த ஓரடிக்காகத்தான் அவன் அரண்மனையை இழக்கிறான், பிறகு உயிரையும் இழக்கிறான். கட்டப்பாவின் வாள் அந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணி.

இதே போல 2022 ஜூனில் வந்த 'விக்ரம்' படத்தின் கடைசிச் சில நிமிடங்களில் தோன்றிய ரோலக்ஸுக்குத் தனிப் படம் எப்போது என்று இன்னமும் கேட்டுக்கொண்டிருக்கிறோம். அதே படத்தில் வீட்டு வேலைக்காரியாக இருந்து சட்டென்று உளவாளியாக எழுந்து சண்டையிட்டு மாண்ட ஏஜென்ட் டீனாவுக்குத் தியேட்டரில் விசில் பறந்தது. அவளுக்கும் முன்கதை வேண்டும் என்று கேட்டவர்கள் உண்டு. அந்தக் கும்பலிடம் தலையை இழந்த காயத்ரிக்கு அப்படிக் கேட்டவர்களை நான் பார்த்ததில்லை. அவள் சாவு ஓர் அதிகாரியின் கோபத்துக்குக் காரணமாக இருந்தால் போதும் என்று கதையும் நினைத்தது, நாமும் ஒப்புக்கொண்டோம்.

யாருக்கு முன்கதை கேட்கிறோம் என்பது யாரை முழு மனிதராகப் பார்க்கிறோம் என்பதைக் காட்டிவிடுகிறது. இது சினிமாவோடு வந்த பழக்கம் இல்லை. அதைப் பார்க்க வெகுதூரம் போக வேண்டாம். பருத்திப்பட்டிலிருந்து ஆவடிக்குப் போய் அரக்கோணம் ரயிலில் ஏறினால் திருவள்ளூர் தாண்டித் திருவாலங்காடு வரும். அதன் பக்கத்து ஊர் பழையனூர். நம் மொழியின் மிகப் பழைய பேய்க்கதைகளில் ஒன்று அங்கேதான் நடந்ததாகச் சொல்கிறார்கள்.

நீலியின் கதைக்குப் பல வடிவங்கள் உண்டு. எல்லாவற்றுக்கும் பொதுவான எலும்பு இதுதான். ஒருவன் தன்னை நம்பி வந்த மனைவியைக் காட்டில் வைத்துக் கொன்றுவிடுகிறான். மறுபிறவியில் அவன் வணிகன், அவள் பேய். பேயிடமிருந்து காக்கும் கத்தி ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு அவன் பழையனூர் வருகிறான். நீலி ஒரு கள்ளிக் கட்டையைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, ஊர்ச் சபையின் முன் நின்று அழுகிறாள். இவர் என் கணவர், என்னைக் கைவிட்டுப் போகிறார் என்கிறாள். ஊர் வேளாளர்கள் நம்புகிறார்கள். அவன் கத்தியை வாங்கி வைத்துக்கொண்டு, உனக்கு ஏதாவது நேர்ந்தால் எங்கள் உயிரைத் தருகிறோம் என்று வாக்குக் கொடுத்து, இருவரையும் ஒரே இடத்தில் தங்க வைக்கிறார்கள். விடிந்தால் அவன் பிணம். கொடுத்த வாக்குக்காக 70 வேளாளர்கள் தீயில் இறங்குகிறார்கள்.

இந்தக் கதையிலிருந்து நம் நினைவில் எவை தங்கின? 70 பேரின் வாய்மை தங்கியது. அவர்களைப் புலவர்கள் பாடினார்கள், அவர்கள் நினைவாக மண்டபம் எழுந்தது. ஏழாம் நூற்றாண்டுத் திருஞானசம்பந்தரின் திருவாலங்காட்டுப் பதிகத்திலேயே வஞ்சத்தால் உயிர் பறித்த ஒருத்தியைப் பற்றிய குறிப்பு இருக்கிறது. நீலியிடமிருந்து மிஞ்சியது 'நீலிக் கண்ணீர்' என்ற இரண்டு சொற்கள் மட்டும். பஞ்சாயத்தில் அழுகிற பெண்ணை, காவல் நிலையத்தில் அழுகிற பெண்ணை, கணவன் வீட்டுத் திண்ணையில் அழுகிற பெண்ணை வாயடைக்க இன்றும் அந்தச் சொற்கள் போதும். காட்டில் நடந்த கொலை வழக்கிலிருந்து விழுந்துவிட்டது. கதையின் தொடக்கத்தைச் சபை கூடிய நாளுக்கு நகர்த்தினோம், கொல்லப்பட்டவள் பொய்யழுகைக்காரி ஆகிவிட்டாள்.

அதே ஆலங்காட்டில் இன்னொரு பேயும் உண்டு. காரைக்கால் அம்மையார். அவருக்கு முன்கதை இருக்கிறது. புனிதவதி என்ற பெயர், மாம்பழம், மிரண்டு விலகிப்போன கணவன் எல்லாம் பெரியபுராணத்தில் பத்திரமாக இருக்கின்றன. முன்கதை பாதுகாக்கப்பட்ட பேய் அம்மையானாள். முன்கதை உதிர்ந்த பேய் வசவுச் சொல்லானாள்.

அப்படியானால் முன்கதை சொல்வது எப்போதும் பெண்ணுக்கு நீதியா? இல்லை. சிலப்பதிகாரத்தின் கட்டுரை காதை இதற்கு நேரெதிரான சான்று. மதுரை எரிந்துகொண்டிருக்கிறது. கண்ணகி தெருவில் நடக்கிறாள். மதுரையின் காவல் தெய்வமான மதுராபதி அவள் எதிரே நேராக வராமல் பின்னால் வந்து பேசுகிறது. முதலில் பாண்டியர் குலத்தின் நீதியைப் புகழ்கிறது. பிறகு ஒரு முன்கதை சொல்கிறது. முற்பிறவியில் கோவலன் கலிங்க நாட்டில் பரதன் என்ற பெயரில் அரச ஊழியனாக இருந்தான். சங்கமன் என்ற வணிகனை ஒற்றன் என்று பொய்யாகக் காட்டிக்கொடுத்துக் கொல்வித்தான். சங்கமனின் மனைவி 14 நாள் அழுது திரிந்து, எங்களுக்கு இதைச் செய்தவர்களும் இதையே அடைக என்று சபித்து, மலையேறி விழுந்து உயிர்விட்டாள். அந்தச் சாபம்தான் இப்போது பலித்தது.

அந்த மனைவியின் பெயரும் நீலிதான்.

இந்த முன்கதையைக் கண்ணகி கேட்கவில்லை. அவள் கேட்டது, தன் கணவன் கள்வனா என்ற ஒரே கேள்வி. அதற்கு அரசவையிலேயே பதில் கிடைத்துவிட்டது, சிலம்பு உடைந்து மாணிக்கம் தெறித்தது. ஆராயாமல் கொல்லச் சொன்ன அரசன், பொய் சொன்ன பொற்கொல்லன் என்று காரணம் தெளிவாகக் கண்முன் நின்றது. அந்த நேரத்தில் ஊரைக் காக்கும் தெய்வம் வந்து கதையின் தொடக்கத்தை ஒரு பிறவி பின்னால் தள்ளுகிறது. தள்ளியதும் அரசனின் பிழை வினையின் கருவியாகச் சுருங்குகிறது. கண்ணகியின் கோபத்துக்கு முகவரி இல்லாமல் போகிறது. ஒரு நீலியின் துயரம் இன்னொரு பெண்ணைச் சமாதானப்படுத்தும் சாமானாகிறது.

மதுராபதி செய்த வேலையைத்தான் 'ப்ரோமிதியஸ்' செய்தது என்று நினைக்கிறேன். முதல் படத்தில் தீங்கின் காரணம் வெகு எளிமை. சம்பளம் கொடுக்கும் நிறுவனம், ஊழியர்களின் உயிரைவிட அந்த உயிரி மேல் என்று ஓர் ஆணை போட்டது. அந்த ஆணைக்கு எண்கூட உண்டு, 937. இதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. ஆனால் அந்த அறியாத இடத்தில், மார்பு உள்ளிருந்து வெடித்த ஒரு ராட்சத உடல் இருக்கையில் கிடந்தது. அது யார் என்ற கேள்வி 33 ஆண்டுகள் ரசிகர்களின் தியரிகளில் வளர்ந்தது. 2012இல் பதில் வந்தபோது கதை பிரபஞ்சத்தின் தொடக்கத்துக்குப் போய்விட்டது. மனிதரைப் படைத்த வெளிறிய ஆண் ராட்சதர்கள், அவர்களிடம் சாகாவரம் கேட்கப் போகும் கிழத் தொழிலதிபர், தனக்கு மகன் போன்றவன் என்று அவர் சொல்லும் டேவிட் என்ற இயந்திரம். கூடவே வந்திருக்கும் சொந்த மகள் அவர் கண்ணில் படுவதே இல்லை. தொழிலாளிகளைக் கொல்லத் துணிந்த நிறுவனத்தின் கதை, படைத்த தந்தைகளின் கதையாக மாறியது. ஆணை போட்டவனைக் கேட்க வேண்டிய கேள்வி ஊழிடம் போய்ச் சேர்ந்தது.

அந்தத் தந்தைகளின் கதைக்கு உடலால் விலை கொடுத்தவள் எலிசபெத் ஷா. குழந்தை பெற முடியாதவள். டேவிட் அவள் காதலனின் மதுவில் ஒரு துளி கறுப்புத் திரவத்தைக் கலக்கிறான். அது அவளுக்குள் கருவாகிறது. அவளைக் கேட்காமல் அதைச் சுமக்க வைக்கப் பார்க்கிறார்கள். அவள் தப்பி ஓடி, தானே அறுவை செய்யும் மருத்துவப் பெட்டிக்குள் ஏறிப் படுக்கிறாள். அந்தப் பெட்டி ஆண் உடலுக்கு மட்டுமே அமைக்கப்பட்டது என்று இயந்திரக் குரல் சொல்கிறது. 2093இலும் மருத்துவக் கருவிக்கு உடல் என்றால் ஆணுடல்தான். வேறு பெயரில் அறுவைக்கு ஆணையிட்டு, வயிற்றைத் திறந்து, தைத்துக்கொண்டு எழுகிறாள். இந்தக் காட்சியை வகுப்பில் பேசியபோது, திகிலுக்காக அல்லாமல் வேறு காரணத்துக்காக அமைதியானார்கள்.

படம் முடிகையில் ஷா டேவிட்டின் துண்டான தலையை எடுத்துக்கொண்டு படைத்தவர்களின் உலகத்தைத் தேடிப் போகிறாள். அடுத்த ஐந்தாண்டுகள் அவள் எங்கே போவாள், என்ன கேட்பாள் என்று ரசிகர்கள் காத்திருந்தார்கள். 2017இல் 'கவனன்ட்' வருவதற்குமுன் வெளியிட்ட குறும்படத்தில் அவள் டேவிட்டைச் செப்பனிடுகிறாள், பரிவோடு நடத்துகிறாள். படத்தில் அவள் பிணம். டேவிட் அவளைக் கொன்று, அவள் உடலைத் தன் சோதனைகளுக்குப் பயன்படுத்தியிருக்கிறான். அவளை நேசித்ததாகவும் சொல்லிக்கொள்கிறான். அவள் கேள்வி கேட்கக் கிளம்பிய கதை, அவன் படைப்பாளியான கதைக்கு மூலப்பொருள் ஆனது.

இவையெல்லாம் கற்பனைப் பாத்திரங்கள்தானே, இதற்கு இவ்வளவு யோசனை ஏன் என்று கேட்கலாம். கதை எங்கே தொடங்குகிறது என்பது வெறும் கற்பனை விவகாரம் இல்லை என்பதற்கு நம் நீதிமன்றங்களே சாட்சி. 'ஏலியன்' வெளிவந்த 1979இல் இந்தியாவில் நான்கு சட்டப் பேராசிரியர்கள் உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு திறந்த கடிதம் எழுதினார்கள். காவல் நிலையத்துக்குள் வன்புணர்வுக்கு ஆளான மகாராஷ்டிரத்துப் பழங்குடிச் சிறுமி ஒருத்தியின் வழக்கில், 1978இல் காவலர்கள் விடுவிக்கப்பட்டதை எதிர்த்த கடிதம் அது. அந்த வழக்கின் முதல் விசாரணையில் அவளுடைய முந்தைய உறவு பேசப்பட்டது. காவலர்கள் கதவைச் சாத்திய கணத்தில் தொடங்க வேண்டிய கதையை அவளுடைய காதலில் தொடங்கினார்கள். நாடெங்கும் பெண்கள் இயக்கங்கள் எழுந்தன, 1983இல் சட்டம் திருத்தப்பட்டது.

அதற்குப் பிறகும் வேலை முடியவில்லை. வன்புணர்வு வழக்கில் சாட்சி சொல்லும் பெண் பொதுவாக ஒழுக்கமற்றவள் என்று காட்டி அவள் சாட்சியத்தைக் குலைக்கலாம் என்று 1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டத்தில் ஒரு பிரிவு இருந்தது. 2002ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம்தான் அதை நீக்கியது. சம்மதம் இருந்ததா என்ற கேள்விக்கு அவளுடைய முந்தைய பாலியல் அனுபவம் பொருந்தாது என்று 2013இல் திருத்தம் வந்தது. இரு விரல் பரிசோதனை பெண்ணின் கண்ணியத்துக்கு எதிரானது என்று அதே ஆண்டு உச்ச நீதிமன்றம் சொன்னது. 2022 அக்டோபரில், இனியும் அதைச் செய்பவர் நன்னடத்தை மீறிய குற்றத்துக்கு ஆளாவார் என்று மறுபடியும் சொல்ல வேண்டியிருந்தது. பெண்ணின் முன்கதையை வழக்குக்குள் கொண்டுவராதே என்று ஒரு தேசம் திரும்பத் திரும்பச் சட்டம் போட வேண்டியிருக்கிறது. ஆணுக்கோ, அவன் ஏன் அப்படி ஆனான் என்பதற்குக் குடிகார அப்பாவையும் அன்பில்லாத பால்யத்தையும் நாமே முன்வந்து தேடித் தருகிறோம்.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். நீலிக்கு முன்கதை வேண்டும் என்கிறாய், ரோலக்ஸுக்கு முன்கதை கேட்பவர்களைக் குறை சொல்கிறாய், இது இரட்டை நியாயம் இல்லையா? பழையனூருக்கு வந்த வணிகன் இந்தப் பிறவியில் யாருக்கும் தீங்கு செய்யவில்லையே. நம்பி வாக்குக் கொடுத்த 70 பேரும் என்ன பாவம் செய்தார்கள்? காட்டில் நடந்த கொலையைச் சொல்லி இந்தச் சாவுகளை நியாயப்படுத்தினால், மதுராபதி சொன்ன ஊழ்வினைக்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

இந்த மறுப்பில் உண்மை இருக்கிறது. பட்ட காயம், பிறரைக் காயப்படுத்த உரிமைச் சீட்டு ஆகாது. நீலி செய்த கொலை கொலைதான். முன்கதை அதை அழிக்காது, அழிக்கவும் கூடாது. நான் கேட்பது, முன்கதை வந்து எதையும் துடைக்காமல் இருக்க வேண்டும் என்பதுதான். 70 பேரின் சாவோடு அவளுடைய சாவையும் சேர்த்து எண்ண வேண்டும், 71 என்று. விளக்கம் கணக்கில் ஆளைக் கூட்டினால் அது நீதியின் பக்கம் நிற்கிறது, ஆளைக் கழித்தால் அதிகாரத்தின் பக்கம் போகிறது. மதுராபதியின் கதை அரசனைக் கணக்கிலிருந்து கழித்தது. 'ப்ரோமிதியஸ்' நிறுவனத்தை மங்கலாக்கியது. ஒழுக்கத்தைத் துருவும் குறுக்கு விசாரணை கதவைச் சாத்தியவனைக் கழிக்கப் பார்க்கிறது. வில்லனின் பால்யத்தைச் சொல்லும் கதை, அவனால் செத்தவர்களை மறக்க வைக்காமல் சொல்லுமானால் அதோடு எனக்குச் சண்டை இல்லை.

யார் சொல்கிறார்கள் என்பதும் முக்கியம். கண்ணகியின் முன்கதையை ஊரின் தெய்வம் சொன்னது. நீலியின் கதையை ஊர் சொன்னது. சமண நூலான நீலகேசி மட்டும் இந்த வழக்கத்தை மாற்றியது. பழையனூர் நீலியையே அது தலைவியாக எடுத்துக்கொண்டது. முனிவரை அச்சுறுத்த வந்த பேய், அவரிடம் அறம் கேட்டு, பிறகு நாடெங்கும் போய்ப் பிற சமயத்து ஆசான்களோடு தருக்கம் செய்து வெல்கிறாள். அது சமணத்தை நிறுவ எழுந்த நூல், பெண் விடுதலைக்காக எழுதியதல்ல. இருந்தாலும், அழுகிறவள் என்று ஊர் முத்திரை குத்தியவளை வாதிடுகிறவளாக ஒரு புலவர் எழுதிப் பார்த்தார். அந்தக் காலத்தின் தியரி என்று என் மாணவிகள் அதைச் சொல்வார்கள்.

இந்த அளவுகோலை வைத்துக்கொண்டு 'ஏலியன்: எர்த்' தொடரைப் பார்த்தால், அது ஓரளவு தேறுகிறது. நோவா ஹாலி கறுப்புத் திரவப் படைப்புக் கதையைத் தன் தொடருக்கு எடுத்துக்கொள்ளவில்லை. ஐந்து நிறுவனங்கள் உலகத்தை ஆளுகிற 2120இல் கதையைத் தொடங்குகிறார். சாகப்போகிற குழந்தைகளின் மனத்தை வளர்ந்த செயற்கை உடல்களில் ஏற்றி, அவர்களைத் தன் சொத்து என்கிறது ஒரு நிறுவனம். அவர்களில் நிப்ஸ் என்பவள், ஓர் உயிரி தாக்கிய பிறகு தான் கருவுற்றிருப்பதாகச் சொல்கிறாள். அது நடக்க முடியாது என்று எல்லாருக்கும் தெரியும். அந்தப் பயத்தைக் கேட்டு ஆற்றுவதற்குப் பதிலாக, அவள் நினைவிலிருந்து அந்த நாட்களை அழித்துவிடச் சொல்கிறார் முதலாளி. மறுக்கும் ஊழியருக்கு வேலை போகிறது. நிப்ஸின் முன்கதை அவளிடமிருந்தே திருடப்படுகிறது. பழையனூர் செய்ததைக் கணினி சில நிமிடங்களில் செய்து முடிக்கிறது.

இந்தத் தொடரைப் பற்றிய தியரிகளில் பெரிதும் பேசப்படுவது ஒரு முரண். 2120இல் இந்த உயிரிகள் பூமியிலேயே இறங்கிவிட்டால், 2122இல் ரிப்ளிக்கு அவற்றைப் பற்றி ஒன்றுமே தெரியாதது எப்படி? கதையில் ஓட்டை என்று பலர் சொல்கிறார்கள். என் வகுப்பில் ஒருத்தி வேறு மாதிரி சொன்னாள். "ஓட்டை இல்ல மேம். கம்பெனிக்குத் தெரியும், வேலை செய்றவங்களுக்குச் சொல்லல. அவ்ளோதான்." அவளுடைய அம்மா அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை செய்கிறார். இயந்திரத்தில் துப்பட்டாவோ முடியோ சிக்கினால் அங்கே எழும் முதல் கேள்வி, அவள் ஏன் சரியாகக் கட்டிக்கொள்ளவில்லை என்பது. சுழலும் பாகத்துக்குத் தடுப்பு வேண்டும் என்பது 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்திலேயே இருந்தது. தடுப்பைக் கழற்றியது யார், உற்பத்தி வேகத்துக்காகவா கழற்றினார்கள் என்ற கேள்வி வெகு நேரம் கழித்து வரும், சில வேளை வராமலே போகும். அந்தப் பெண் சொன்ன தியரி நான் கேட்டவற்றில் மிகச் சிறந்தது. ரிப்ளியின் அறியாமையை அவள் ரிப்ளியின் குறையாகப் பார்க்கவில்லை. யாரோ கவனமாக உருவாக்கி வைத்த அறியாமையாகப் பார்த்தாள். கதையின் தொடக்கத்தை ஆணை எழுதிய மேசைக்கே நகர்த்திவிட்டாள்.

முடிவு தெரிந்தும் ஏன் காத்திருக்கிறோம் என்ற கேள்விக்கு என் பதில் இதுதான். நடந்து முடிந்ததன் காரணம் இன்னும் தீர்மானமாகவில்லை என்று நமக்குத் தெரியும். சாவு மாறாது, பழி மாறலாம். அதனால் காத்திருப்பதில் ஒரு பொறுப்பும் இருக்கிறது. அடுத்த பருவத்துக்குத் தியரி எழுதும்போது இரண்டு மூன்று கேள்விகளைச் சேர்த்துக்கொள்ளலாம். இந்த முன்கதை யாரைக் கணக்கில் கூட்டுகிறது, யாரைக் கழிக்கிறது? அதை யார் வாயால் கேட்கிறோம்? கதைக்கு உடலைக் கொடுத்தவளுக்கு அதில் ஒரு கேள்வியாவது கேட்க வாய்த்ததா? இதே கேள்விகள் செய்தித்தாளின் நான்கு வரிச் செய்திக்கும், குடும்பப் பஞ்சாயத்துக்கும், நீதிமன்றக் கூண்டுக்கும் பொருந்தும். படங்களில் பழகிக்கொண்டால் அங்கே கேட்பது கொஞ்சம் எளிதாகும்.

பழையனூரில் மண்டபம் 70 பேருக்கு இருக்கிறது. நீலிக்கு அப்படி ஒன்று கட்டச் சொல்லி நான் கேட்கவில்லை. யாராவது ஒருத்தி அழும்போது பக்கத்திலிருப்பவர் 'நீலிக் கண்ணீர்' என்று சொன்னால், அதற்கு முன் காட்டில் என்ன நடந்தது என்று நம்மில் ஒருவர் கேட்டால் போதும்.